வராதவளின் தகுதி

கோரின் ஹ்ருஷ்கா கடலைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். மற்றதையெல்லாம் ஆர்டன்வேல் மாநிலப் பல்கலைக்கழகம் செய்தது.

நெப்ராஸ்காவிலிருந்து எந்தத் திசையில் காரை விட்டாலும், நடுவில் மூன்று மாநிலங்களையாவது தாண்டாமல் உப்புத் தண்ணீர் கண்ணில் படாது. அங்கே சோளம் உண்டு, மாடு உண்டு, ஓயாத காற்று உண்டு. ஆனால் கோரின் படித்த பள்ளிக்குப் பின்னால், சாலைக்காக வெட்டிய சுண்ணாம்பு மேட்டில் சுறாமீன் பற்கள் கிடைத்தன. அவற்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, "நாமெல்லாம் கடலுக்கு அடியிலதான்பா உக்காந்திருக்கோம். தண்ணி மட்டும் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிப் போயிடுச்சு" என்று அவள் சொன்னபோது அவளுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

"திரும்பி வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லு. வெளியில நிக்கற வண்டியெல்லாம் நனைஞ்சிடும்" என்றார் அவள் அப்பா லோவெல்.

லோவெல் ஹ்ருஷ்கா பழைய கார் வியாபாரி. நெடுஞ்சாலையோரம் கொடிகள் கட்டிய ஒரு மைதானத்தில் பிக்கப் வண்டிகளை நிறுத்தி விற்பவர். அந்தத் தொழிலில் இருப்பவனை ஊரில் யாரும் நம்புவதில்லை. தேவாலயத்தில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட, காணிக்கைத் தட்டு அவர் கையைத் தாண்டும்வரை அதன்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். இதையெல்லாம் லோவெல் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் தன் தொழில் அப்படிப்பட்டது என்பதாலேயே பல்கலைக்கழகங்களின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. அங்கே இருப்பவர்கள் பொய் சொல்லித்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலையில் இல்லாதவர்கள் என்று அவர் நம்பியிருந்தார்.

கடலைப் படிக்க வேண்டுமானால் கடல் இருக்கிற மாநிலத்துக்குப் போகவேண்டும். வெளிமாநிலத்துப் பிள்ளைகளிடம் அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளூர்ப் பிள்ளைகளிடம் வாங்குவதைப்போல மூன்று பங்கு கட்டணம் வாங்கும். ஆனால் தெற்கே வளைகுடாக் கரையில் இருந்த ஆர்டன்வேல், தன் இணையப் பக்கத்தில் ஓர் அட்டவணை வைத்திருந்தது. இடது ஓரத்தில் பள்ளி மதிப்பெண், மேலே நுழைவுத் தேர்வு மதிப்பெண். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் தகுதி உதவித்தொகை. கடைசிக் கட்டத்தில், வெளிமாநிலத்தார் என்பதற்காக வாங்கும் அதிகக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்று எழுதியிருந்தது.

லோவெல் அந்த அட்டவணையை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். பேரம் இல்லை, கெஞ்சல் இல்லை, ஆளைப் பார்த்து விலை சொல்வதில்லை. "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று பால் எடுக்கப்போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டார்.

முதல் தேர்வில் கோரின் கடைசிக் கட்டத்தைத் தொடவில்லை. இரண்டாம் முறையும் தொடவில்லை. தோழிகள் ஏரிக்குப் போன கோடை முழுவதும் அவள் மாடி அறையில் கணக்குப் போட்டாள். மூன்றாம் முறை மதிப்பெண் வந்ததும் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து, அட்டவணையின் கடைசிக் கட்டத்தின்மேல் விரலை வைத்து நின்றாள். அவள் அம்மா டார்லா, மருந்துக்கடை வேலையிலிருந்து வந்த உடையோடே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அனுமதிக் கடிதத்தைக் கணினியில் திறந்தபோது திரை முழுவதும் வண்ணக் காகிதங்கள் கொட்டின. பேண்டு வாத்தியம் முழங்கியது. அதற்கு அடுத்த வாரம் இன்னொரு கடிதம் வந்தது.

"ஆர்டன்வேல் குடும்பத்தாருக்கு ஓர் உற்சாகமான செய்தி!" என்று அது தொடங்கியது.

"போச்சு. உற்சாகமான செய்தின்னு ஆரம்பிச்சா கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கணும்" என்றாள் டார்லா.

கடிதம் தொடர்ந்தது: "தகுதி என்பது குறித்த எங்கள் உரையாடல் முதிர்ச்சி அடைந்துள்ளது. வெளிமாநில மாணவர்களை இனி நாங்கள் எண்களாகப் பார்க்கமாட்டோம். முழு மனிதர்களாகப் பார்ப்போம். ஆகவே உங்கள் அன்புக்குரிய அட்டவணை இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறது. அதன் நீண்ட சேவைக்கு நன்றி கூறுவதில் எங்களோடு இணையுங்கள்."

லோவெல் கீழே இருந்த எண்ணுக்குப் பேசினார். பேசியவன் கெண்டல் என்ற இளைஞன். அவனுடைய பதவியின் பெயர் வெற்றித் துணைவர்.

"தம்பி, என் பொண்ணு அந்தக் கட்டத்துக்குள்ள வந்துட்டா" என்றார் லோவெல்.

"அருமை சார்! எங்க வாழ்த்தைச் சொல்லிடுங்க."

"கட்டம் எங்க?"

"அது அருமையான கேள்வி. கட்டம் இப்ப இல்ல சார். ஆனா கட்டத்தோட உணர்வு இருக்கு."

"அந்த உணர்வு எவ்வளவு டாலர்?"

"உணர்வை எண்ணாப் பாக்கறதிலிருந்துதான் சார் நாங்க வெளியில வந்திருக்கோம்."

லோவெல் வாழ்க்கையில் எத்தனையோ வண்டிகளை விற்றிருந்தார். இன்ஜின் எங்கே என்று கேட்டவனிடம், இன்ஜினின் உணர்வு இருக்கிறது என்று சொல்லலாம் என அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இது தன் அறிவுக்கு எட்டாத விஷயம் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

புதிய முறைக்கு முழுமைப் பார்வை என்று பெயர். அதில் முதல் படி, மாணவர் எந்த மாநிலத்துக்காரர் என்பதை முடிவு செய்வது. வெளிமாநிலம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது நாகரிகமில்லை என்று கருதிய பல்கலைக்கழகம், நாட்டை மூன்றாகப் பிரித்து நிறம் தீட்டி ஒரு வரைபடம் வெளியிட்டிருந்தது. பச்சை நிறம் நேச மாநிலங்கள், மஞ்சள் தோழமை மாநிலங்கள், நீலம் தூரத்து மாநிலங்கள். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று விளக்கும் பெட்டியை எங்காவது போடவேண்டும் அல்லவா? அதைச் சரியாக நெப்ராஸ்காவின்மேல் போட்டிருந்தார்கள்.

"உங்க மாநிலம் என்ன நிறம் சார்?" என்று கேட்டான் கெண்டல்.

"நிறம் தெரியல. பெட்டிக்கு அடியில இருக்கோம்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "ஆமா சார், நானும் பாக்கறேன். நீங்க விளக்கத்துல இருக்கீங்க. விளக்கத்துக்கு உதவித்தொகை கிடையாது சார்."

"பெட்டியை நகத்த முடியாதா?"

"வரைபடத்தைச் செஞ்ச ஆலோசனை நிறுவனத்தோட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. நகத்தணும்னா புது ஒப்பந்தம் போடணும். பக்கத்து மாநிலம் கேன்சஸ்ல உங்களுக்கு அத்தை, மாமா யாராவது இருக்காங்களா?"

இல்லை என்றதும், பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக் குழு கூடி நெப்ராஸ்காவைத் தற்காலிகமாகத் தீர்மானிக்கப்படாத நிலப்பரப்பு என்று அறிவித்தது. அங்கிருந்து விண்ணப்பிப்பவர்கள், தாங்கள் ஆர்டன்வேல் இருக்கும் மாநிலத்தில் வசிக்கவில்லை என்பதற்கு அரசுச் சான்று தரவேண்டும். லோவெல் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். அங்கே எழுத்தராக இருந்த வெர்னா அவரோடு பள்ளியில் படித்தவள்.

"நீ இங்க இருக்கேன்னு எழுதித் தர்றேன், வாங்கிட்டுப் போ" என்றாள் வெர்னா.

"அது வேணாமாம். நான் அங்க இல்லைன்னு வேணுமாம்."

"லோவெல், நீ சீனாவுலயும்தான் இல்ல. அதையும் எழுதணுமா?"

"இப்போதைக்கு வேணாம். கேட்டா வர்றேன்."

இரண்டாவது படி, கட்டுரை. 'எண்களைப் பயன்படுத்தாமல் உன் தகுதியை விவரி.' கோரின் மேசையில் உட்கார்ந்து மனத்தில் இருந்ததை அப்படியே எழுதினாள். சுண்ணாம்பு மேட்டைப் பற்றி, ஆர்டன்வேலின் கடல் ஆய்வுக்கூடம் தூண்கள்மேல் அலைகளுக்கு நடுவே நிற்பதைப் பற்றி, அங்கே சிப்பிப் படுகைகளைப்பற்றி வெளியான ஆய்வுகளை எல்லாம் பொது நூலகத்தில் கேட்டு வரவழைத்துப் படித்ததைப் பற்றி. கடைசி வரியாக, 'எனக்கு வேறெந்த இடமும் மனத்தில் இல்லை' என்று முடித்தாள்.

டார்லா படித்துப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சிட்டு ஒருத்தன் இல்லைன்னு சொல்வானா?" என்றாள்.

சில நாட்களில், குடும்பத்தோடு தகுதித் திருநாளுக்கு வரும்படி அழைப்பு வந்தது. விருது மேடையிலேயே அறிவிக்கப்படும் என்றிருந்தது. லோவெல் மைதானத்தைப் பூட்டி, கையில் இருந்ததிலேயே நல்ல வண்டியை எடுத்தார். டார்லா பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டிகளை ஒரு டப்பா நிறையச் சுட்டு எடுத்துக்கொண்டாள். தெற்கே போகப்போகக் காற்று ஈரமானது. மரங்களில் பாசி தொங்கியது. கடைக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களையும் செல்லம் கொஞ்சினார்கள்.

பல்கலைக்கழக வாசலில் மிஸ் ஓப்பல் என்ற வயதான பெண்மணி உட்கார்ந்திருந்தாள். "வாடா என் தங்கமே, எங்கிருந்து வர்றே?" என்று ஐம்பது தாண்டிய லோவெலைக் கேட்டாள்.

"நெப்ராஸ்கா, அம்மா."

"ஐயோ பாவம்" என்று சொல்லி, பச்சை, மஞ்சள், நீல ரிப்பன்கள் இருந்த தட்டுகளைத் தள்ளிவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து நிறமே இல்லாத ஒரு ரிப்பனை எடுத்துக் குத்திவிட்டாள். நிறமில்லாத ரிப்பன்காரர்கள் பின்வரிசையில் உட்காரவேண்டும்.

மண்டபம் புதியது. அதைவிடப் புதியது பக்கத்தில் இருந்த மாணவர் நீச்சல் குளம். அதில் சோம்பலாக மிதந்துகொண்டே சுற்றிவர ஒரு செயற்கை ஆறு ஓடியது. கடல் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கலாமா என்று கோரின் கேட்டதற்கு, போன புயலில் அதன் கூரை போய்விட்டது, ஆற்றை இன்னும் கொஞ்சம் நீட்டி முடித்த பிறகு கூரையைப் பற்றி யோசிப்பார்கள் என்று வழிகாட்டி சொன்னான்.

மேடையில் சேர்க்கை உத்திகளுக்கான துணைத் தலைவர் டாக்டர் விட்லி டாரண்ட் எழுந்தார். வெள்ளைத் தலைமுடி, இளஞ்சிவப்பு டை, இருமல் மருந்துபோல இனிக்கும் குரல்.

"நண்பர்களே, பழைய அட்டவணையைப் பத்தி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அது ரொம்ப நியாயமானது. அதுதான் அதுல இருந்த கோளாறு! யார் மதிப்பெண் எடுத்தாங்களோ அவங்க எல்லாம் வந்து கேட்டாங்க. நாங்களும் குடுக்கவேண்டியதாப் போச்சு. ஒரு மகத்தான பல்கலைக்கழகம், குடுத்த வாக்கைக் காப்பாத்தறதுலயே வருஷத்தைக் கழிச்சா, கனவு காணறது எப்போ?"

முன்வரிசையில் கைதட்டினார்கள்.

"கட்டணத்தைக் குறைக்கக்கூடாதான்னு சிலபேர் கேக்கறாங்க. நல்ல மனசுக்காரங்க, ஆனா ஆழமா யோசிக்காதவங்க. கட்டணம் குறைவா இருந்தா அதுல எவ்வளவு தள்ளுபடி குடுக்கமுடியும்? தாராளமா இருக்கணும்னா முதல்ல விலை ஏறணும். இந்த வருஷம் எங்க தாராள குணம் வரலாறு காணாத அளவுக்கு ஏறியிருக்குன்னு பெருமையோட சொல்லிக்கறேன்!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். லோவெலும் எழுந்துவிட்டு, எதற்கு எழுந்தோம் என்று புரிந்ததும் உட்கார்ந்தார்.

"டார்லா, இதையே நான் மைதானத்துல செஞ்சா, மாநில அதிகாரி வந்து என் லைசென்ஸைக் கிழிச்சு என் வாயிலயே திணிப்பான்" என்று காதோடு சொன்னார்.

"நீ டை கட்டறதில்ல, லோவெல். அதான் வித்தியாசம்."

பிறகு பெயர்களை அழைத்தார்கள். "கோரின் ஹர்ஷ்க்கி!" என்றது ஒலிபெருக்கி. மேளம் அதிர்ந்தது. அடிவானச் சிறப்பு விருது என்ற பெயரோடு, கதவைவிடக் கொஞ்சம் சிறிய அட்டைக் காசோலை ஒன்றை டாக்டர் டாரண்ட் அவள் கையில் கொடுத்தார். அதில் இருந்த தொகை பழைய அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இருந்ததைவிடப் பெரியது! டார்லா வாயைப் பொத்திக்கொண்டாள். கோரின் அட்டைக்குப் பின்னால் முழுவதுமாக மறைந்துபோய், இரண்டு கால்கள் மட்டும் தெரிய, படமெடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஓர் உறை கொடுத்தார்கள். உள்ளே வரப்போகும் ஆண்டின் செலவு விவரம் இருந்தது. கட்டணம் ஏறியிருந்தது. அதோடு, விருது பெறுவோர் கட்டாயம் தங்கவேண்டிய அடிவான இல்லத்தின் வாடகை, ஆற்றுப் பராமரிப்புத் தொகை, கடைசியாகத் தகுதி அங்கீகாரப் பங்களிப்பு என்று ஒன்று. லோவெல் மரத்தடியில் நின்று கூட்டிப்பார்த்தார். டார்லா வாங்கிக் கூட்டிப்பார்த்தாள். இந்தப் பெரிய விருது போக அவர்கள் கட்டவேண்டியது, பழைய முறையில் எந்த விருதும் வாங்காத மக்குப் பிள்ளை கட்டியிருக்கக்கூடியதைவிட அதிகமாக இருந்தது.

"அப்பா, ஏதாவது தப்பா அச்சாயிருக்கும்" என்றாள் கோரின்.

"இருக்கும், கண்ணு. கேட்டுப் பாப்போம்."

மிஸ் ஓப்பல் கொலாச்சி ரொட்டி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அவர்களைப் பின்வழியாக டாக்டர் டாரண்டின் அறைக்கு அழைத்துப்போனாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு காரியம் நடந்தது என்றால் அது அந்த ரொட்டியால்தான்.

டாரண்ட் அன்பாக வரவேற்றார். கோரினின் விவரங்களைத் திரையில் திறந்தார்.

"அச்சுப் பிழையா? ஒண்ணுமில்லையே. எல்லாம் ரொம்பத் துல்லியமா இருக்கு."

"சார், என் பொண்ணு மூணு தடவை பரீட்சை எழுதினா. நீங்க கேட்ட மதிப்பெண்ணை எடுத்தா. அப்புறமும் தகுதி பத்தலையா?" என்று கேட்டார் லோவெல்.

டாரண்ட் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "மிஸ்டர் ஹர்ஷ்க்கி, நீங்க வியாபாரம் பண்றவர், உங்களுக்குப் புரியும். தகுதின்னா பிள்ளைங்ககிட்ட இருக்கற ஏதோ ஒண்ணுன்னு வெளியில நினைச்சிட்டிருக்காங்க. அது பழைய சிந்தனை. தகுதிங்கறது நாங்க பண்ற ஒரு காரியம். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தூண்டில்ல மாட்டினா வருவான்னு எங்க மென்பொருள் சொல்லும். வேற பெரிய இடங்கள்ல இடம் கிடைச்சு, எங்களைத் திரும்பிக்கூடப் பாக்காத பிள்ளை ஒருத்தன் இருக்கான்னு வைங்க. அவன்கிட்டத்தான் எங்களுக்குத் தகுதி கொட்டிக்கிடக்கறது தெரியும்."

"என் பொண்ணு?"

"உங்க பொண்ணோட கட்டுரை இருக்கே, அடடா! படிச்சிட்டுக் கண் கலங்கிட்டேன். 'எனக்கு வேறெந்த இடமும் மனத்தில் இல்லை.' எவ்வளவு அழகான வரி! மென்பொருளும் அதைத்தான் கவனிச்சது. இவ எப்படியும் வந்தே தீருவாள்னு கணிச்சது. அப்படிப்பட்ட அன்பை நாங்க பணத்தால கொச்சைப்படுத்தக்கூடாது இல்லையா?"

கோரின் கேட்டாள்.

"நான் உங்களைப் பிடிக்கலைன்னு பொய் எழுதியிருந்தா?"

"அப்ப நீ ரொம்பத் தகுதியான பொண்ணும்மா" என்றார் டாரண்ட், தந்தையின் கனிவோடு.

"நீங்க என்ன சார் படிச்சீங்க?"

"தத்துவம்மா. ஒழுக்கவியல்ல முனைவர் பட்டம்."

கோரின் தலையசைத்தாள். ஏதோ ஒரு கடல் உயிரியைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடி, பெயர் எழுதி ஒட்டியதுபோல இருந்தது அந்தத் தலையசைப்பு. எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். லோவெலுக்கு அந்த மனிதரின் இளஞ்சிவப்பு டையைப் பிடித்து இழுக்கவேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் செய்ததெல்லாம், "ஹ்ருஷ்கா" என்று ஒருமுறை அழுத்திச் சொன்னதுதான். "எங்க பேரு ஹ்ருஷ்கா. ஒருதடவையாவது சரியாச் சொல்லிப் பழகுங்க."

"நிச்சயமா, மிஸ்டர் ஹர்ஷ்க்கி" என்றார் டாரண்ட்.

அட்டைக் காசோலை எந்த வண்டியின் பின்பெட்டியிலும் அடங்காத அளவில் செய்யப்பட்டிருந்தது. மேலே கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். மணல் ஈரமாக இருந்தது. அதனால் காசோலையைக் கவிழ்த்துப் போட்டு, டார்லாவும் லோவெலும் அதன்மேல் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு ஆர்டன்வேல் அவர்களுக்குச் செய்த ஒரே உதவி அது.

கோரின் காலணிகளைக் கழற்றிவிட்டு முழங்கால் ஆழத்தில் போய் நின்றாள். நெடுநேரம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் தோள்கள் குலுங்குவதை டார்லா பார்த்தாள். எழப்போனவளை லோவெல் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பெத்த பொண்ணை உண்மை பேசச் சொல்லி வளத்தேன். அதுக்கு இப்படி விலை வைக்கிறானே!" என்றாள் டார்லா.

"மைதானத்தை அடகு வச்சாவது படிக்க வச்சிடலாம்" என்றார் லோவெல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

கோரின் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. குரல் தெளிவாக இருந்தது. "வேணாம்பா. கடல் இவங்களுது இல்லையே. வேற பக்கமும் இருக்குல்ல."

வீடு திரும்பியதும் அவள் தேடத் தொடங்கினாள். தான் படித்த சிப்பி ஆய்வுகளை எழுதியவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாள். அவர்களில் ஒரு பெண் பேராசிரியர் கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்து தீவில், டில்லர்ஸ் கோவ் என்ற மீன்பிடி ஊரில் ஒரு சிறிய கடல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். விண்ணப்பிக்க இன்னும் காலம் இருந்தது. கட்டணத்தைப் பார்த்த கோரின், எங்கோ ஓர் எண் விடுபட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தாள். லோவெலுக்கும் நம்பிக்கை வரவில்லை. நேரே கூப்பிட்டார். மணி அடித்ததும் ஓர் ஆள் எடுத்தார். பதிவு செய்த குரல் இல்லை, வெற்றித் துணைவர் இல்லை, வெறும் ஆள்.

"ஐயா, நீங்க போட்டிருக்கற கட்டணம் உள்ளூர்க்காரங்களுக்கா?"

"இல்லீங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு."

"நாங்க வெளிநாட்டுக்காரங்கதான்."

"அப்ப உங்களுக்குத்தான்."

லோவெல் காத்திருந்தார். "வேற என்ன?" என்று கேட்டார்.

"வேற என்னன்னா?"

"இதுக்குமேல என்ன இருக்கு? பங்களிப்பு, பராமரிப்பு, அங்கீகாரம்...?"

அந்த ஆள் நன்றாக யோசித்தார். "பொண்ணை நல்ல கோட்டு ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இங்க காத்து ஜாஸ்தி."

தன் சொந்த நாட்டில் வெளியாளாக இருப்பதைவிட அடுத்த நாட்டில் அந்நியராக இருப்பது மலிவு என்பதை லோவெல் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், குளிர்பதனப் பெட்டியிலிருந்த அட்டவணையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். கோரினுக்கு அங்கே இடம் கிடைத்தது. அன்றே ஆர்டன்வேலின் பக்கத்தைத் திறந்து, 'வர விருப்பமில்லை' என்ற பொத்தானை அமுக்கினாள். வண்ணக் காகிதம் ஒன்றும் கொட்டவில்லை.

மறுநாள் காலை, ஒரு விவசாயிக்கு வண்டியின் டயரைக் காட்டிக்கொண்டிருந்தபோது லோவெலுக்கு அழைப்பு வந்தது.

"மிஸ்டர் ஹர்ஷ்க்கி! கெண்டல் பேசறேன். பிரமாதமான செய்தி. உங்க மகளோட தகுதி கூடியிருக்கு!"

"எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து. வரலைன்னு அமுக்கினாங்க இல்லையா, அதைப் பாத்ததும் மென்பொருளுக்கு அவங்ககிட்ட புதுசா சில திறமைகள் தெரிஞ்சிருக்கு."

லோவெல் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டான். குழு மீண்டும் கூடியதாம். அவளிடம் தலைமைப் பண்பும் இருப்பது தெரியவந்ததாம். பங்களிப்பைத் தள்ளுபடி செய்தார்கள். அதற்கடுத்த முறை வாடகையில் பாதியைத் தள்ளினார்கள். கோடை நடுவில், நெப்ராஸ்காவின்மேல் இருந்த பெட்டியை அட்லாண்டிக் கடலுக்கு நகர்த்திவிட்டதாகவும், அந்த மாநிலம் இப்போது பச்சை நிறத்தில் ஜொலிப்பதாகவும் சொன்னான். கோரின் கோட்டு வாங்கி, பெட்டி கட்டி, வடகிழக்கே விமானம் ஏறிய வாரத்தில், அவளுடைய தகுதி உச்சத்தைத் தொட்டது. பழைய அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இருந்தது முழுவதும், அதற்குமேல் ஒரு மடிக்கணினியும் தருவதாகச் சொன்னார்கள்.

"சார், பல்கலைக்கழக வரலாற்றுலயே இவ்வளவு தகுதியான வெளிமாநில மாணவியை நாங்க பாத்ததில்லைன்னு டாக்டர் டாரண்டே சொல்லச் சொன்னாரு" என்றான் கெண்டல்.

"வராமலே இருந்தா இன்னும் கூடுமா?"

அவன் உண்மையாகவே கணக்குப் பார்த்தான் போலிருந்தது. "கூட வாய்ப்பிருக்கு சார்."

"தம்பி, அவ கனடாவுல டில்லர்ஸ் கோவ்ங்கற ஊருக்குப் படிக்கக் கிளம்பிப் போயிட்டா. இந்நேரம் படகுல இருப்பா. நேத்து பேசினா, வலையில ஏதோ அசிங்கமான மீன் ஒண்ணு வந்துதாம். அவ்வளவு சந்தோஷமா அவ பேசி நான் கேட்டதில்ல. இனிமே கூப்பிடாதீங்க."

"புரியுது சார். இந்த உரையாடலைப் பத்தின உங்க மனநிறைவை ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள..."

"வச்சிடறேன்."

"சார், சார், ஒரு நிமிஷம்!" கெண்டலின் குரல் சட்டென்று தாழ்ந்தது. நாற்காலி இழுபடும் சத்தமும், கதவு ஒன்று மூடும் சத்தமும் கேட்டன. அந்தக் குரலில் இப்போது உற்சாகம் துளியும் இல்லை; களைத்துப்போன சாதாரணப் பையனின் குரலாக இருந்தது. "என் தங்கச்சி இந்த வருஷம் பள்ளிக்கூடம் முடிக்கிறா. நாங்க பக்கத்து மாநிலம் சார். நேச மாநிலம்." கொஞ்சம் தயங்கினான். "அந்த ஊர் பேரு என்ன சொன்னீங்க?"

லோவெல் அன்றைக்கு வண்டி பார்க்க வந்திருந்தவரை ஒரு நிமிடம் பொறுக்கும்படி கையைக் காட்டிவிட்டு, காற்றுச் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து ஒரு வண்டியின் மறைவில் ஒதுங்கி நின்றார்.

"எழுதிக்கோ, தம்பி" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.